உறைபனிக் காலத்தின் அன்றாட அளவு



பணி ஓய்வு பெற்ற ஒருவரைச் சந்திக்கும்போது நாம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம். “உடம்பு எப்படி இருக்கிறது?” என்பது முதற்கேள்வி. “பொழுது எப்படிப் போகிறது?” என்பது அடுத்த கேள்வி. முதற்கேள்விக்கு மாத்திரைகளின் கணக்கைச் சொல்லி விடையளித்துவிடலாம். இரண்டாவது கேள்விதான் பலரைத் தடுமாற வைக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் பள்ளியிலும் அலுவலகத்திலும் வயற்காட்டிலும் உழைத்தவருக்குப் பொழுது என்பது எப்படியோ தள்ளித் தீர்க்கவேண்டிய சுமையாகிவிட்டதுபோல் அக்கேள்வி ஒலிக்கிறது. “ஐயா, காலையில் எழுந்தால் எதற்காக எழுந்தோம் என்றே தெரியவில்லை” என்று சபையின் மூத்தவர்கள் சிலர் என்னிடம் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நினைவிற்கொண்டே இந்த வாரச் சிந்தனையை எழுதுகிறேன்.

சபைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்று நானும் என் மனைவியும் பள்ளங்கியில் குடியேறி ஆறு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. எனக்கு இப்போது வயது 71. பெரிய காரியங்கள் எதுவும் இங்கே நடப்பதில்லை. காலையில் வானத்தைப் பார்ப்பதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போவதும், வீட்டில் உலை வைப்பதுமாக நாட்கள் நகர்கின்றன. ஆயினும் முதுமையின் பெலனைக் குறித்து வேதம் சொல்வதை இந்த எளிய காரியங்களின் வழியாகவே நான் விளங்கிக்கொண்டு வருகிறேன்.

பள்ளங்கி, கொடைக்கானல் நகருக்கு அப்பால் அட்டுவம்பட்டி, வில்பட்டிப் பக்கத்து மலைச்சாலையில் இருக்கும் ஒரு சிற்றூர். சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய காடுகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைகின்றன. 1845 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனெரிமார் மதுரைச் சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். நோயில் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தக் குடும்பங்களுக்கு இம்மலையின் குளிர் மருந்தாக இருந்தது. இன்றும் சித்திரை, வைகாசியில் வருகிறவர்களுக்கு அது இன்பமாக இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் இங்கேயே இருக்கிற முதியவர்களுக்கோ அது சோதனையாகவும் இருக்கிறது.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். மேகம் சரிவில் இறங்கி வாசலுக்குள் புகுந்துவிடும், துணி உலராது, தீக்குச்சி பற்றாது. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையின்மேல் கடந்தபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டதையும், மின்சாரம் இல்லாமல் ஊர்கள் இருளில் கிடந்ததையும் இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மழை ஓய்ந்து மார்கழி பாதியைக் கடந்ததும் வானம் துலக்கிய பாத்திரம்போல் தெளிந்துவிடும். உறைபனிக்காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

மேகமில்லாத, காற்றசையாத இரவே உறைபனிக்கு உகந்த இரவு. மேகம் இருந்தால் அது பூமிக்குப் போர்வையாக இருந்து, பகலில் நிலம் வாங்கிய வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். போர்வை விலகிய இரவில் நிலம் தன் வெப்பத்தை எல்லாம் வானத்திற்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் அது தண்ணீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டு வீட்டின் முற்றத்தில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும்போது, தாழ்ந்த தோட்டத்தின் புல் வெண்மையாய் உறைந்து கிடப்பதற்கு இதுவே காரணம். ஏரியோரப் புல்வெளிகளும் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களும் அந்நாட்களில் காலையில் வெள்ளை விரிப்பாகக் காட்சி தரும். காண வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உருளைக்கிழங்கு பயிரிட்டவரோ இலை கருகிவிடுமே என்று விடியுமுன் எழுந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி சமவெளியில் ஒரு பேச்சு. இங்கே அது எலும்பு அறிந்த செய்தி.

இப்படிப்பட்ட ஒரு காலையில், கருவேப்பிலைச் செடியின் அடியில் சிறுமணிகளாக உறைந்திருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாத்திராகமம் 16 ஆம் அதிகாரம் என் நினைவிற்கு வந்தது. இஸ்ரவேலர் முதன்முதலாக மன்னாவைக் கண்ட காலையில் அது தரையில் கிடந்த விதத்தை வேதம் உறைபனிக்கு ஒப்பிடுகிறது. இந்த ஒப்புமையைப் பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன், பிரசங்கித்தும் இருக்கிறேன். சமவெளியில் வாழ்ந்த எனக்கு அது ஒரு வருணனையாக மட்டுமே இருந்தது. உறைபனியைக் கையில் எடுத்துப் பார்த்தபின்பு அதன் பொருள் வேறாகத் தெரிகிறது. உறைபனியைச் சேமிக்க முடியாது. உள்ளங்கையில் வைத்தால் நீராகிவிடும். வெயில் ஏறினால் தரையிலும் நில்லாது. மன்னாவும் அப்படியே வெயில் ஏறினபோது உருகிப்போயிற்று.

அந்த அதிகாரத்தின் ஒழுங்குகளைச் சற்றே கவனியுங்கள். ஆளுக்கு ஓர் ஓமர் என்பது அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை. கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கென்று வைத்துக்கொண்டது புழுத்து நாற்றமெடுத்தது. அதே வேளையில் ஆறாம் நாளில் மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்தது. அது ஓய்வுநாளுக்காக வைக்கப்பட்டும் கெடவில்லை. ஆகவே வேதம் முன்னேற்பாட்டைக் கண்டிக்கவில்லை. கஜா புயலை அறிந்த இவ்வூரில் மழைக்காலத்திற்குமுன் அரிசி, பருப்பு, விறகு, மெழுகுவர்த்தி, ஒரு மாதத்து மருந்து ஆகியவற்றை வாங்கி வைக்காத வீடு இல்லை. ஓய்வூதியமும் ஒருவகையில் ஆறாம் நாளின் இரட்டைப் பங்குதான். வைக்கக்கூடியவற்றை வைத்துக்கொள்ளலாம். சரீர பெலன் அவ்வகையைச் சேர்ந்ததன்று. நேற்றுக் கிடைத்த பெலனை இன்றைக்கென்று எடுத்துவைக்க இயலாது. நாளைக்குரியதை இன்றே கேட்டு வாங்கவும் இயலாது. முதுமையின் பெலன் மன்னாவின் ஒழுங்கில் வருகிறது. இந்த ஒன்றைச் சொல்லவே இவ்வளவும் எழுதுகிறேன்.

என் சைக்கிளிடமிருந்து இதை நான் நாள்தோறும் கற்கிறேன். கியர் எதுவும் இல்லாத, பின்னால் இரும்புக் கேரியர் வைத்த பழைய வண்டி அது. நம் முன்னோர் காலத்து உபதேசியார்கள் இப்படிப்பட்ட சைக்கிளில்தான் வேதபுத்தகத்தையும் மாற்றுத்துணியையும் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றார்கள். 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தொடங்கப்பட்டபின் தமிழ்நாட்டின் தபால்காரருக்கும் பால்காரருக்கும் ஆசிரியருக்கும் சொந்தச் சைக்கிள் எட்டக்கூடிய ஒன்றாயிற்று. எங்கள் தலைமுறையின் ஊழியம் பெரும்பகுதி அந்த இரண்டு சக்கரங்களின்மேல்தான் நடந்தது.

மலையில் குளிர்காலச் சைக்கிளுக்குத் தனி ஒழுங்கு உண்டு. விடிந்தவுடன் கிளம்பலாகாது. வளைவுகளில் மரநிழல் விழும் இடத்தில் சாலையின் ஈரம் உறைந்து வழுக்கும். ஆகையால் வெயில் சாலையைத் தொட்டபின் ஏழரை மணிக்குமேல் கிளம்புகிறேன். குளிரில் காற்றுச் சுருங்குவதால் டயர் தளர்ந்திருக்கும். பம்பை எடுத்து நான்கு முறை அடிக்கவேண்டும். பிரேக் கட்டை நனைந்திருந்தால் உடனே பிடிக்காது; இறக்கத்தின் தொடக்கத்திலேயே இரண்டு முறை அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிடவேண்டும். இறக்கத்தில் உடம்பு உழைப்பதில்லை, காற்றோ முகத்தில் அறைகிறது. ஆகவே ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் குளிர் அதிகம். மங்கிக் குல்லாவும் கையுறையும் போக, ஸ்வெட்டருக்குள் மார்பின்மேல் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்கிறேன். எத்தனை விலை கொடுத்து வாங்கிய கம்பளியும் அந்தத் தாளைப்போல் காற்றைத் தடுப்பதில்லை.

போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இந்த உயரத்தில் காற்று மெலிந்தது. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றே குறைவு. பள்ளங்கி அதைவிடத் தாழ்வாக இருந்தாலும், கீழேயிருந்து வந்த முதியவரின் மூச்சுக்கு வேறுபாடு தெரியாமல் போகாது. என்னைப் பரிசோதித்த மருத்துவர் சைக்கிளை விட்டுவிடும்படி சொல்லவில்லை. “ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், ஐயா” என்றார். ஏறிப் போகிற சைக்கிளைவிடத் தள்ளிப் போகிற சைக்கிளுக்குத்தான் இப்போது அதிக நேரம் செல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கடந்து போகும்போது சிரிக்கிறார்கள். சைக்கிள் வைத்துக்கொண்டு நடக்கிறவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வருவது இயல்பே.

ஆனால் தள்ளிக்கொண்டு நடக்கிற வேகத்தில்தான் மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள். காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் உடன் நடந்துகொண்டே பிள்ளைகளின் படிப்பையும் பூண்டின் விலையையும் சொல்கிறார்கள். டீக்கடையருகே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு முதியவர், நான் அந்த ஏற்றத்திற்கு வந்ததும் எழுந்துவந்து கேரியரைப் பிடித்துத் தள்ளுவார். என்னைவிட அவருக்கு மூன்று வயது கூடுதல். மனைவி இறந்துவிட்டார், மகன்கள் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து தள்ளுவோம். மேட்டில் நின்று மூச்சு வாங்குவோம். “நாளைக்கு வருவீங்களா, ஐயா?” என்று கேட்பார். “கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன்” என்பேன்.

நாம் எல்லாரும் பழக்கத்தால் சொல்கிற வார்த்தை இது. கடிதத்தின் கடைசியிலும் அழைப்பிதழிலும் எழுதுகிறோம். எழுபதைக் கடந்த இருவர் ஏற்றத்தின் உச்சியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லும்போது அது அலங்கார வார்த்தையாக இருப்பதில்லை. நாளைய ஓமர் நாளைக் காலையில்தான் தரையில் கிடக்கும் என்பதை இருவரும் அறிந்திருக்கிறோம்.

கடந்த தை மாதத்தில் ஒருநாள் அவர் டீக்கடையருகே இல்லை. மறுநாளும் இல்லை. கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வீட்டிற்குப் போனேன். காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அண்டை வீட்டுக்காரர் இருவரும் நானுமாக ஜீப் ஒன்றைப் பிடித்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் நிலைமை கடினமாயிருக்கும் என்றார்கள். பத்து நாளில் தேறி வீடு திரும்பினார். இதை ஏதோ என் ஊழியமாகச் சொல்ல வரவில்லை. மோட்டார் வண்டியில் அந்த ஏற்றத்தைக் கடந்திருந்தால் அவருடைய இடம் வெறுமையாயிருந்ததை நான் கவனித்திருக்க வழியில்லை என்பதைத்தான் சொல்கிறேன். பெலன் குறைந்ததினால் வந்த மெதுவான நடையே அன்று ஓர் உயிருக்கு உதவியாயிற்று.

இனிச் சமையலறைக்கு வருகிறேன். குளிர்காலத்தில் என் மனைவிக்கு விரல் மூட்டுகள் வீங்கிவிடுகின்றன. தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை. பூண்டு உரிப்பதும் கத்தி பிடிப்பதும் வேதனை. ஆகையால் கார்த்திகை முதல் மாசி வரை அடுப்பு என் பொறுப்பு. அவர் அடுப்பருகே நாற்காலியில் அமர்ந்து சொல்வார், நான் செய்வேன். “உப்பு இப்போது வேண்டாங்க, பருப்பு வெந்த பிறகு போடுங்க” என்பார். நான்கு குளிர்காலமாக இந்தப் பள்ளியில் படித்துவருகிறேன்.

மலையில் சமைப்பவருக்கு முதலில் வேண்டியது பொறுமை. அழுத்தம் குறைந்த காற்றில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னரே கொதித்துவிடுகிறது. கொடைக்கானல் உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எண்ணினால் பருப்பு பல்லில் கடிபடும். குக்கர் இல்லாத நாட்களில் இங்குள்ள தாய்மார் துவரம்பருப்போடு எத்தனை நேரம் போராடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இட்லி மாவும் அப்படித்தான். சமவெளியில் இரவு கரைத்தால் காலையில் பொங்கி வழியும் மாவு, இங்கே மார்கழியில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தாலும் அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பின் அருகே வைக்கவேண்டும். அவசரப்படுத்த முடியாத காரியங்கள் உலகில் உண்டு என்பதை அந்தப் பாத்திரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை எனக்குச் சொல்கிறது.

எங்கள் குளிர்கால உணவில் பெரும்பங்கு பூண்டுக்கு உரியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக இங்கிருந்து போகிறது. அதன் காரமும் மணமும் வேறு பூண்டுக்கு வாராது; உரித்துத் தட்டிய சில நிமிடங்களில் வீடெல்லாம் நிறைந்துவிடும். நல்லெண்ணெயில் முழுப்பற்களை வதக்கிப் புளிக்குழம்பு, மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட பூண்டு ரசம், பட்டர் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சேர்த்த கூட்டு, இவை போதும். பூண்டைக் குறித்து ஒரு விவசாயி சொன்னதைக் கேட்டு வியந்தேன். குளிர் படாமல் வளர்ந்த பூண்டு சரியாகப் பல் பிரியாதாம். ஒரே உருண்டையாக நின்றுவிடுமாம். தாவர நூல்களும் அதையே சொல்கின்றன. பல் பிரிந்தால்தான் அது பலருக்குப் பங்கிடவும், மறுபடி விதைக்கவும் ஆகும்.

வேதத்திலும் பூண்டு வருகிறது. எண்ணாகமம் 11 ஆம் அதிகாரத்தில், மன்னாவைத் தின்று சலித்த ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். அடிமைத்தனத்தின் சவுக்கு மறந்துபோயிற்று. குழம்பின் ருசி மட்டும் நினைவில் நிற்கிறது. ஓய்வுபெற்றவர்களாகிய நாம் ஒன்றுகூடினால் பேசுவதும் பெரும்பாலும் இதுவே. “அந்தக் காலத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் நகராது.” “நான் தலைமையாசிரியராக இருந்தபோது...” அந்நாட்களின் உறக்கமற்ற இரவுகளை யாரும் சொல்வதில்லை. நினைவு கூருதல் பாவமன்று. அதே அதிகாரத்தில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஜனங்கள் மன்னாவை ஏந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் வேகவைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள். தேவன் கொடுத்தது தானியம்போன்ற ஒன்று. அதை உணவாக்கியது அவர்களுடைய கைகள். நமக்கு இன்று கிடைத்த பெலன் சிறிதாக இருக்கலாம். அதை இடித்துச் சமைத்து யாருக்காவது பரிமாறுகிற வேலை நம்முடையது. எகிப்தின் பூண்டை எண்ணி ஏங்குகிறவன் வாசலில் விளையும் பூண்டை மணக்காமலே போய்விடுவான்.

இங்கே, சபையிலுள்ள பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு காரியத்தையும் பேசியாக வேண்டும். எங்கள் மகன் சென்னையில் இருக்கிறான். ஒவ்வொரு ஐப்பசியிலும், “அப்பா, இந்தக் குளிருக்காவது அம்மாவை அழைத்துக்கொண்டு கீழே வந்துவிடுங்கள்” என்று கேட்கிறான். மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு நெஞ்சுச்சளி முற்றி மதுரைக்கு அழைத்துப் போகவேண்டியதாயிற்று. மலைப்பாதையில் இரவில், மூடுபனியில், அம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அந்த மணிநேரங்களை நான் மறக்கவில்லை. மகனின் பயத்தில் நியாயம் இருக்கிறது. “நாங்கள் விசுவாசத்தினால் இங்கே இருக்கிறோம்” என்று சொல்லி அவன் வாயை அடைப்பது சரியன்று. “எங்கள் சுதந்தரத்தைப் பறிக்காதே” என்று கோபித்துக்கொள்வதும் சரியன்று.

கடந்த ஆண்டு மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு குளிர்காலத்தின் தொடக்கத்திலும் புதிதாக முடிவெடுப்பது. சென்ற ஆண்டு இருந்தோம் என்பதற்காக இவ்வாண்டும் இருந்தே தீருவோம் என்று நிற்பதில்லை. இரவில் அழைத்தால் வரக்கூடிய இரு அண்டை வீட்டாரின் எண்கள் மகனிடமும் இருக்கும். மார்கழிக்கு முன் இருவரும் மருத்துவரிடம் காட்டிவிடுவோம். அவர் இறங்கச் சொன்னால் வாதாடாமல் இறங்குவோம். இவ்வளவும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இந்த ஆண்டு மருத்துவர் இருக்கலாம் என்றார், இருக்கிறோம். அடுத்த ஆண்டு என்ன சொல்வாரோ, தெரியாது. மகனின் குரலில் இருந்த பதற்றம் குறைந்திருக்கிறது. என் மனைவியும், “இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அம்மிக்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன்” என்று சிரிக்கிறார்.

இதற்கு எனக்கு ஆறுதலான வேதபகுதி யோவான் சுவிசேஷத்தின் 21 ஆம் அதிகாரம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் விடியற்காலத்தில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இரவெல்லாம் நனைந்து களைத்த சீஷர்களைச் சாப்பிட அழைக்கிறார். மரணத்தை ஜெயித்தவர் சமையல் செய்து பரிமாறுகிறார். அடுப்படி வேலையை இனி யாரும் அற்பமானது என்று சொல்லக்கூடாது. அந்த உணவு முடிந்தபின்பு அதே நெருப்பின் அருகே பேதுருவிடம் அவனுடைய முதுமையைப் பற்றிப் பேசுகிறார். இளமையில் தானே அரைக்கட்டிக்கொண்டு இஷ்டமான இடத்திற்குப் போனவன், முதிர்வயதில் கைகளை நீட்டுவான். வேறொருவன் அவனை அரைக்கட்டி, அவன் விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோவான் என்கிறார். அது பேதுருவின் மரணத்தைக் குறித்த வார்த்தை என்று சுவிசேஷகன் விளக்குகிறான். ஆயினும் முதியவர் எவரும் அதைத் தம்மைக் குறித்ததாகவும் வாசிக்காமல் இருக்க முடியாது. நடக்கமுடியாத ஒரு நாள் வரும். பிறர் கை நம்மைப் பிடித்து இறக்கும். அந்த நாளிலும் பின்பற்றி வா என்கிற அழைப்பு மாறுவதில்லை என்பதே அப்பகுதியின் நற்செய்தி. பள்ளங்கியில் இருந்தாலும் சென்னையில் பத்தாவது மாடியில் இருந்தாலும், காலையில் கூடாரத்தின் வாசலில் அன்றைய ஓமர் கிடக்கும்.

பிரியமானவர்களே, ஓய்விலிருக்கும் மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. நேற்றைய பெலனோடு இன்றைய பெலனை ஒப்பிட்டுத் துக்கப்படாதிருங்கள். இன்றைக்குரியது எவ்வளவு என்று பார்த்து, அதை வெயில் ஏறுமுன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தெரு நடக்கமுடிந்தால் அந்தத் தெருவை நடங்கள். ஒரு ரசம் வைக்கமுடிந்தால் அதை வையுங்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கு வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பெற்றோரைப் பற்றிய முடிவைப் பெற்றோரோடு உட்கார்ந்து எடுங்கள். அவர்கள் வீட்டில் பேச்சுக்கு மட்டுமல்ல, அம்மிக்கல்லுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சபையாருக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு ஆராதனையில் வழக்கமான இடத்தில் ஒரு முதியவர் இரண்டு வாரமாகக் காணப்படவில்லை என்றால், மூன்றாவது வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தூக்குவாளியில் சூடான சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.

ஜெபிப்போம். பரலோகப் பிதாவே, குளிரையும் வெயிலையும் அதினதின் காலத்தில் அனுப்புகிறவரே, முதிர்வயதுள்ள உம்முடைய பிள்ளைகளுக்கு இந்த நாளுக்குரிய பெலனை அளந்து தாரும். கிடைத்த அளவைச் சிறிதென்று எண்ணாமல் பகிர்ந்து உண்ணும் மனதைத் தாரும். தனிமையில் குளிருறங்கும் வீடுகளை எங்கள் கண்களுக்குக் காண்பியும். பெற்றோரைத் தொலைவிலிருந்து எண்ணிக் கலங்கும் பிள்ளைகளைத் தேற்றும். நாங்கள் இறங்கவேண்டிய நாளில் எங்களைப் பிடிக்கும் கைகளில் உமது கையை அறிய உதவிசெய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.